ஜப்பான் துரைக்கு ஒரு தூண்டில் கோல்

மந்தின் மலையில் லோரி நின்றுவிட்டால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் இறங்கி நடக்க வேண்டும், ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் எல்லா லோரிக்கும் இதுதான் சட்டம். பெட்ரோல் கிடையாது. பின்னால் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சமதரையில் ஒரு மாதிரி ஓடும். மேடு வந்தால் இருமும். நான் ஊட்டிக்காரன், மலை ஏறும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவன். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் மூச்சுத் திணறிக்கொண்டுதான் ஏறும். ஆனால் அதைத் தள்ளச் சொல்லி எவனும் என்னை இறக்கிவிட்டதில்லை.

மலாயாவுக்கு நான் வந்ததே ஒரு சின்ன வேலைக்காக. தங்கை பொன்னம்மாவுக்குத் தலைப்பிரசவம். அது தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? போய் அழைத்து வா என்று அம்மா அனுப்பினாள். நான் வந்து இறங்கி, அவள் பெட்டி கட்டுவதற்குள் சண்டை வந்து கப்பல் நின்றுபோனது. பிள்ளை அவள் புருஷன் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற கூலி வரிசை வீட்டிலேயே பிறந்தது. நான் சிரம்பானில் ஒரு பாயின் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊட்டியில் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுட்டவன் நான். இங்கே மரவள்ளி மாவில் சுட்டேன். அதை ரொட்டி என்று சொல்ல எனக்கு இன்றும் நா கூசுகிறது.

ஒரு நாள் காலையில் கடைக்கு விறகு கொண்டுவந்தவர், "அண்ணே, உங்க தங்கச்சி வூட்டுக்காரரு பேரையும் சயாமுக்கு எழுதிட்டாங்க. நாலஞ்சு நாள்ல லோரி வருமாம்," என்றார். சயாமில் காட்டுக்குள் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தான். தோட்டத்துக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டு எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். போய்விட்டுத் திரும்பி வந்த ஒருவரையும் நான் அதுவரை பார்க்கவில்லை. பாயிடம் சொல்லிக்கொண்டு, இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மந்தின் போகிற லோரியில் கிளம்பினேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மலையில் என் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிய மலாய்ப் பெரியவர் மூச்சு வாங்க ஏதோ சொன்னார். எனக்கு அதற்குள் மலாய் ஓரளவு பிடிபட்டிருந்தது. "வெள்ளைக்காரன் காலத்தில் காசு கொடுத்தோம், வண்டி நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது காசும் கொடுத்து வண்டியையும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்" என்றார். யார் காதிலாவது விழுந்தால் கன்னம் பழுத்துவிடும் என்பதால் மெதுவாகத்தான் சொன்னார். நாங்களும் மெதுவாகத்தான் சிரித்தோம்.

மந்தின் கடைத்தெருவில் காவல் நின்றது. துப்பாக்கி வைத்திருக்கும் சிப்பாய்க்கு முன்னால் இடுப்பு வளையக் குனிய வேண்டும். கையில் மூட்டை இருந்ததால் எனக்குச் சரியாகக் குனிய வரவில்லை. கூப்பிட்டு ஓர் அறை விட்டான். மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அறை வாங்கியதைவிட, நான் சுட்ட ரொட்டியைக் கொள்ளைக்காரன்கூட வேண்டாம் என்றதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அங்கிருந்து நடை. பொன்னம்மா இருந்த தோட்டத்தை ஆத்தோரத் தோட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். காட்டிலிருந்து இறங்கி வரும் ஆறு ஒன்று அதன் ஓரமாக ஓடுகிறது. ரப்பர் மரங்களை யாரும் சீவவில்லை. பால் வாங்க ஆள் இல்லாதபோது சீவி என்ன பயன்? மரங்களுக்கு நடுவே லாலான் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. வெட்டி வெளியாக்கிய இடத்தில் எல்லாம் மரவள்ளி. வழியில் எதிர்ப்பட்ட ஒருவருக்கும் முகத்தில் சதை இல்லை.

பொன்னம்மா லயத்து வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். சேலை இல்லை, கோணிச் சாக்கை வெட்டித் தைத்துக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். கோணியோடு அண்ணன் பார்த்துவிட்டானே என்ற வெட்கம். கொஞ்ச நேரம் கழித்து நைந்த சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து, "என்னா அண்ணே, இப்படி எளச்சிட்டீங்க?" என்றாள். அவள் என்னைவிட இளைத்திருந்தாள். பிள்ளை அவள் இடுப்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்த வயதில் பிள்ளை அழாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அவித்த மரவள்ளியும் உப்பு வைத்து அரைத்த மிளகாயும் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு சலித்துப்போய்விட்டது என்று அம்மாவிடம் தட்டைத் தள்ளிவிட்டவர்கள் நாங்கள் இருவரும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் புருஷன் மாசிலாமணி வந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. சயாமுக்குப் போகிறவன் முகமாக அது தெரியவில்லை.

மாசிலாமணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் அவன் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் தூண்டில் ஆள். அங்கே குளிர்ந்த ஓடைகளில், சீமையிலிருந்து கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனைத் துரைமார் பிடிப்பார்கள். கோல் தூக்கவும், நூல் உலர்த்தவும், இறகில் பொய்ப் பூச்சி கட்டவும் ஒரு தமிழாள் கூடவே போவான். அந்தத் துரைக்கு மலாயாவில் தோட்ட மேனேஜர் வேலை கிடைத்தபோது இவனையும் கூட்டி வந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் காரில் ஏறிப்போனார். இவனைக் கூட்டிப்போகவில்லை. பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடிவந்தான். இவன் மரவள்ளி நடும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தான்.

"பங்களா ஸ்டோர்ல பழைய தொரையோட சின்னக் கோலு கெடச்சிருச்சு மச்சான்," என்றான் மாசிலாமணி. "மெலிசா இருக்கு, பித்தள பூண் இருக்கு, சக்கரம் இருக்கு. ரேடியோவுக்குக் கம்பம்னு நெனச்சிட்டாங்க. எவன் ஒளிச்சு வச்சதுன்னு என்னய இழுத்துட்டுப் போயி அடிச்சாங்க. தூண்டில்னு ஆடிக் காமிச்சேன். அப்பறம் ஜப்பான் தொரை சிரிச்சாரு."

சற்று நேரத்தில் கந்தையா கிராணியும் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் நெடுங்காலமாக எழுத்து வேலை பார்ப்பவர். ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் கற்றிருந்ததால் அதிகாரிக்கு வாயும் காதும் அவர்தான். உள்ளே வரவில்லை. நின்றபடியே சொன்னார்: "துரையின்ரை ஊரும் மலைப்பக்கமாம். அங்கையும் இறகுப் பூச்சி கட்டித்தான் ஆத்தில மீன் பிடிப்பினமாம். ஆனால் சக்கரம் இல்லை, வெறும் மூங்கிலும் நூலும்தான். இதைப் பூட்டிக் காட்டச் சொல்லுறார். நாளையிண்டைக்கு ஆத்துக்கு வருவார். தூண்டில் போடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் தோட்டத்தில இருக்கத்தான் வேணும் எண்டு தன்ரை வாயாலேயே சொன்னவர்."

"அப்ப சயாமுக்கு அவரு போக வேணாமாங்கய்யா?" என்று பொன்னம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"மீன் வரட்டும் பிள்ளை. வந்தால் நான் கேட்டுப் பாக்கிறன்."

அவ்வளவுதான். ஒரு மீன் வந்தால் என் தங்கைக்குப் புருஷன் இருப்பான். வராவிட்டால் இல்லை.

மறுநாள் காலையில் பங்களாவின் சமையலறைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து துணிப்பையைப் பிரித்தோம். உள்ளே மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் என் கை நீளம்தான். மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டியதாம், ஆனால் ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. நுனித் துண்டின் முனை தீக்குச்சிப் பருமன்கூட இல்லை. மூன்றையும் சேர்த்துக் கையில் வாங்கினேன். ஒரு பன்னின் கனம்தான் இருந்தது.

"இதுல மீனா மாப்ளே? கொசு வேணா புடிக்கலாம்," என்றேன்.

"சின்ன ஓடைக்கு உள்ள கோலு மச்சான். எவ்வளவு மெலிசோ அவ்வளவு ஒசத்தி. சின்ன மீனு கடிச்சாலும் பெரிய மீனு மாதிரி இருக்கும். அதுக்குத்தான் தொரைமாரு காச அள்ளிக் கொடுப்பாங்க."

பெரிய மீன் சின்ன மீன் மாதிரிக் கடித்தாலும் பசித்தவன் சந்தோஷப்படுவான். வயிறு நிறைந்தவனுக்குத்தான் இந்த வேடிக்கை எல்லாம் என்று நான் முனகினேன்.

துண்டுகளை இணைக்கும் பூண்களை இறுக்கமாக மாட்டினால் பிறகு கழற்ற வராதாம். அதனால் பித்தளையை மூக்கின் ஓரத்தில் ஒரு தேய் தேய்த்து மாட்ட வேண்டும். மூக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும். மாசிலாமணி தன் மூக்கில் தேய்த்துப் பார்த்தான். மரவள்ளி தின்கிறவன் மூக்கில் என்ன பசை இருக்கும்? என் மூக்கைக் கேட்டான். அடுப்படியில் நிற்கிற மூக்கு, கொஞ்சம் தேவலை. நுனித் துண்டையும் நடுத்துண்டையும் முதலில் சேர்த்தான், கைப்பிடித் துண்டைக் கடைசியில். ஒரு கண்ணை மூடி, நூல் ஓடும் வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்த்தான். அப்படிப் பார்த்தபோது அவன் ஊட்டியில் இருந்த ஆளாகவே மாறிப்போனான்.

சக்கரம் பெரிய பிஸ்கட் அகலம்தான். அதைக் கைப்பிடிக்குக் கீழே பொருத்தினான். அதிலிருந்த பட்டு நூல் இத்தனை நாள் சுற்றியபடியே கிடந்ததில் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பிரித்து, தாழ்வாரத்துத் தூண்களில் முன்னும் பின்னுமாகக் கட்டி, ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட்டோம். காய்ந்த நூலில் கொழுப்புத் தடவினால்தான் தண்ணீரில் மிதக்கும், இல்லாவிட்டால் முழுகும் என்றான். செம்பனை எண்ணெய் ஆகாதாம், கழுவிக்கொண்டு போய்விடுமாம். அந்த நாளில் கொழுப்புக்கு எங்கே போவது?

தோட்டத்து எல்லையில் பன்றி வளர்க்கிற ஒரு சீனத்தி இருந்தாள். மீதமிருந்த ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைச் சுவரில் தட்டிப் பார்த்தாள். "இது ரொட்டியா, செங்கலா?" என்று மலாயில் கேட்டாள். "பன்றிக்காவது போடு" என்றேன். "என் பன்றி என்ன தப்புச் செய்தது?" என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டு, ஒரு சிரட்டையில் விரல் அளவு கொழுப்பு வழித்துக் கொடுத்தாள். பூச்சி கட்டத் தரையில் கிடந்த கோழி இறகையும் பொறுக்கிக்கொள்ளச் சொன்னாள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா என்று கேட்டேன். ஜப்பான்காரன் வந்த புதிதிலேயே கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். பன்றிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

மத்தியானம் முழுக்க மாசிலாமணி பூச்சி கட்டினான். பழைய பூச்சிகளை அந்து தின்றுவிட்டது. முள் மட்டும் மிச்சம். முள்ளின் துருவைக் கல்லில் தேய்த்து எடுத்தான். கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முள்ளைப் பிடித்துக்கொண்டு, இறகைச் சுற்றிச் சுற்றி நூலால் கட்டினான். பார்த்தால் ஈ செத்துக் கிடப்பது போல இருந்தது. பூச்சியையும் பட்டு நூலையும் இணைக்க, கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஒன்று. பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து எடுப்பதாம். அதைத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் முடிச்சுப் போட வேண்டும்; காய்ந்ததில் போட்டால் ஒடிந்துவிடும். ஒரு சின்ன மீனுக்கு இத்தனை சடங்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலோடு எரிச்சலாக அவனுக்கு ஒன்றைச் சொன்னேன். "மாப்ளே, நாளைக்கு மீனைப் புடிச்சுக் காட்டு. ஆனா அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதே. இது உனக்குத்தான் வரும், தனக்கு வராதுன்னு அவன் நெனைக்கணும். கோலு உன் கையவிட்டுப் போகக் கூடாது."

"சரி மச்சான்."

"மீனு மாட்டுனா நீயே இழு."

"அதான் சரின்னேன்ல."

பொன்னம்மாவும் அன்று மாலை அவனிடம் இதையே சொன்னாள். நான் சொன்னதைவிட அழுத்தமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் ஆற்றுக்குப் போனோம். தோட்டத்தை ஒட்டிய பகுதியில் மீன் கிடையாது. பசிக்கொடுமையில் ஆட்கள் தூபா வேரை நசுக்கித் தண்ணீரில் கலக்கி, மயங்கி மிதந்த குஞ்சு குளுவான் வரை அள்ளிவிட்டார்கள். காட்டுக்குள் மேலே ஏற வேண்டியிருந்தது. முன்னால் மாசிலாமணி கோலோடு, பின்னால் அதிகாரி, அவனுக்குப் பின்னால் குடையோடு கிராணி, கடைசியில் கூடையோடு நான். ஒரு சிப்பாயும் வந்தான். அவன் பாறை ஒன்றைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

அதிகாரியை நான் அன்றுதான் அருகில் பார்த்தேன். சின்ன உருவம், மூக்குக்கண்ணாடி. எங்கள் ஊர்ப் போஸ்ட் மாஸ்டரைப் போல இருந்தான். பூட்ஸைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். இரு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தான். கிராணியிடம் ஏதோ சொன்னான். "தங்கடை ஊர் ஆத்துத் தண்ணி இதைவிடக் குளிராம்," என்றார் கிராணி. எங்கள் ஊர்த் தண்ணீரும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மாசிலாமணி முழங்கால் தண்ணீரில் நின்று வீசத் தொடங்கினான். கோலைப் பின்னால் கொண்டுபோய்க் காதுக்கு மேலே நிறுத்துவான். அங்கே ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பின்னால் போன நூல் முழுக்க நீண்ட பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் நூல் தலையிலேயே விழும். நூல் காற்றில் விரிந்து போய், பூச்சி மட்டும் தண்ணீரில் மெல்ல இறங்கியது. நான் கொசு பிடிக்கலாம் என்று சொன்ன கோல்தான் அது. வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

முதல் மடுவில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கிராணி குடையை மடக்கினார், விரித்தார். மாசிலாமணி பூச்சியை மாற்றிக் கட்டினான்; முடிச்சு இரண்டு தடவை நழுவியது. இன்னும் மேலே போனோம். அங்கே பெரிய பாறை ஒன்றின் மேலிருந்து தண்ணீர் நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. அந்த நுரையின் ஓரத்தில் பூச்சி இறங்கியதும் தண்ணீர் கிழிந்தது. கோல் கைப்பிடி வரைக்கும் வளைந்தது. சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டு நூலை விட்டது.

பொன்னம்மாவுக்குப் புருஷன் கிடைத்துவிட்டான் என்று என் மனம் குதித்தது. குதித்து முடிவதற்குள் மாசிலாமணி ஓர் அடி பின்வாங்கினான். இரண்டு கையாலும் கோலை உயர்த்திப் பிடித்து, தலையைச் சற்றுக் குனிந்து, அதிகாரியிடம் நீட்டினான்.

"மாப்ளே," என்று கத்தினேன். கோல் அதற்குள் கைமாறிவிட்டது.

ஊட்டி ஓடைகளில் அதுதான் வழக்கம். வீசத் தெரியாத துரைமார் நிறையப் பேர். அவர்களுக்காக ஆள் வீசுவான். மீன் மாட்டிய நொடியில் கோலைத் துரையிடம் கொடுத்துவிட வேண்டும். இழுத்துக் கரை சேர்ப்பது துரையின் உரிமை. மறந்துபோய் ஆளே இழுத்துவிட்டால் அன்றோடு அவன் வேலை போய்விடும். மாசிலாமணி மீசை முளைக்கும் முன்பே பழகிய பழக்கம் அது. நானும் பொன்னம்மாவும் சொன்னது அவன் காதில் இருந்தது. கை எங்கள் பேச்சைக் கேட்கவில்லை.

அதிகாரி உலுக்கி இழுத்து அந்த நரம்பை அறுத்துவிடுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அறுந்தாலும் நல்லது, தனக்கு வராது என்று தெரிந்துகொள்வான் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் அவன் ஆற்றங்கரைப் பிள்ளை. மீன் இழுத்தபோது விட்டான், அது களைத்தபோது வாங்கினான். சக்கரத்தை ஒரு தடவை தப்பாகச் சுற்றினான். மாசிலாமணி பக்கத்தில் நின்று, விரலை வைத்துச் சரியான பக்கம் காட்டினான். மீன் கரைக்கு வந்தது. செபாராவ் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். வெள்ளி உடம்பில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. முழங்கை நீளம்கூட இல்லை. அதிகாரி அதை இரு கையிலும் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடப் பையனைப் போலச் சிரித்தான். மாசிலாமணியைப் பார்த்துத் தலைகூடச் சாய்த்தான்.

அதன் பிறகு கோல் அவனிடமிருந்து திரும்பி வரவில்லை. அவனே வீசினான். முதலில் நூல் அவன் கண்ணாடியில் மாட்டியது, பிறகு மரக்கிளையில். மாசிலாமணி ஏறி எடுத்துக் கொடுத்தான். காதுக்கு மேல் நிறுத்து, பொறு, இப்போது தள்ளு என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உச்சிப்பொழுதுக்குள் அதிகாரி தானாகவே இன்னொரு மீன் பிடித்துவிட்டான்.

திரும்பும் வழியில் மாசிலாமணியின் பக்கத்தில் போய், "என்னா மாப்ளே இப்படிப் பண்ணிட்டே?" என்றேன்.

"கொடுத்த பிற்பாடுதான் மச்சான் எனக்கே தெரிஞ்சுது," என்றான். கொஞ்ச தூரம் போய், "ஆனா தொரைக்கு சந்தோசம்தானே?" என்றான்.

சந்தோஷம்தான். பங்களாவிலிருந்து ஒரு சிரட்டை அரிசியும் இரண்டு சிகரெட்டும் கொடுத்து அனுப்பினான். பொன்னம்மா அரிசியை முந்தானையில் கொட்டி, விரலால் அளைந்து அளைந்து பார்த்தாள். கஞ்சியாக்கினால் நாலு வேளைக்கு வரும். அவள் சோறாக்கினாள். பிள்ளை சோற்றைப் பார்த்தறியாது. வாயில் வைத்ததும் துப்பிவிட்டது. அது துப்பியதை மூன்று பேரும் பொறுக்கித் தின்றோம், சிரித்துக்கொண்டே தின்றோம். அரிசி கொடுத்து அனுப்புகிறவன் ஆளைச் சயாமுக்கா அனுப்புவான் என்று நானே சொன்னேன். மலாயாவில் நான் சாப்பிட்டவற்றில் ருசியானது அந்தச் சோறுதான்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டு. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். அன்றைய வேலையைப் பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். அன்று வேலை பிரிக்கவில்லை. லோரி வந்து நின்றது. மண்டோர் என்கிற கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, கூப்பிட்டவர்கள் ஏறினார்கள். மாசிலாமணி பெயரையும் கூப்பிட்டார். அவன் நகரவில்லை. மண்டோர் மறுபடி கூப்பிட்டு, "ஏறுலா மாசிலாமணி, என்னயும் சேத்து ஏத்திருவான்," என்று கெஞ்சினார்.

நான் ஓடிப்போய்க் கிராணியைப் பிடித்தேன். "ஐயா, தூண்டில் ஆள் இருக்கணும்னு அவரே சொன்னாருன்னு சொன்னீங்களே."

கிராணி என்னைப் பார்க்கவில்லை. "விடிய முதலே போய்க் கேட்டனான். தூண்டில் போடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும் எண்டனீங்களே எண்டு. இப்பத்தான் தனக்கே தெரியுமே எண்டார்," என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

பொன்னம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோணியோடுதான் வந்தாள், சேலை மாற்ற நேரமில்லை. மாசிலாமணி லோரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், இவள சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க," என்றான். ஒரு சிகரெட்டை என் கையில் திணித்தான். அந்த லோரியும் கரியில் ஓடுகிற லோரிதான். மேட்டில் நின்றுவிடும், இறங்கித் தள்ளச் சொல்வார்கள், அந்தச் சந்தடியில் அவன் காட்டுக்குள் ஓடிவிடுவான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அன்றைக்கு என்னவோ லோரி மேட்டில் நிற்காமல் ஏறிப் போய்விட்டது.

உடனே பொன்னம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கொய்னா மாத்திரை கிடையாது. நான் மரவள்ளி அவித்தேன், பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன், சிரம்பானில் பாய் வேறு ஆளை வைத்துக்கொள்வார் என்று கவலைப்பட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்த அன்று பங்களாச் சமையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, தொரை மாசிலாமணிய வரச் சொன்னாரு. நூலு சக்கரத்துல ஒட்டிக்கிச்சாம். தண்ணியில போட்டா முழுவுதாம்."

பட்டு நூலை ஒவ்வொரு தடவையும் பிரித்து உலர்த்த வேண்டும், கொழுப்புத் தடவ வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க மாசிலாமணிக்கு நேரம் இருக்கவில்லை.

பொன்னம்மா சமையல்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "அவருதானே அனுப்புனாரு? சயாமுக்கே ஆள் விட்டுக் கூப்பிடச் சொல்லுங்க," என்றாள்.

"நான் அப்படிப் போயிச் சொல்ல முடியுமாக்கா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட இருந்தீங்களாமே. நீங்களாவது வந்துட்டுப் போங்கண்ணே."

போனேன். போகாமல் இருக்க முடியாது. நூலைப் பிரித்துத் தூண்களில் கட்டி, துடைத்து, காயவிட்டு, சிரட்டையில் மிச்சமிருந்த கொழுப்பைத் தடவினேன். அதிகாரி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டான். கிராணியிடம் ஏதோ கேட்டான். அவர் பதில் சொன்னார். அவன் சற்று யோசித்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னான். கிராணி எனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னார்: "மாசிலாமணி நல்ல வேலையாளாம். திரும்பி வந்தோடனை தன்னோடையே வைச்சிருப்பாராம்."

வீட்டுக்கு வந்ததும் அதைப் பொன்னம்மாவிடம் சொன்னேன். வெறுப்பில்தான் சொன்னேன், அவளும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்ப வருவாருன்னு கேட்டீங்களா அண்ணே?" என்றாள்.

நான் கேட்கவில்லை. நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்று சொன்னேன்.